பிஎஸ்3 வைஃபையில் இணைகிறது, வீட்டு மீடியா சர்வர் மட்டும் கண்ணில் படவில்லை

வளவுவாசி (காரைக்குடி):
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு பழைய பிஎஸ்3 ஸ்லிம் (பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டி) இருக்கிறது. அதில் யாரும் விளையாடுவதில்லை. அப்பா கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கவும் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கவும்தான் அது ஓடுகிறது. படங்களெல்லாம் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் மாட்டிய 4 டிபி ஹார்ட்டிஸ்க்கில் இருக்கின்றன, அவற்றை வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கும் சர்வர் மினிடிஎல்என்ஏ என்ற மென்பொருள். பை, ரவுட்டர் இரண்டும் முகப்பில், கேபிளால் இணைத்திருக்கிறேன். டிவியும் பிஎஸ்3-யும் வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில். நடுவில் வளவு, முற்றம்.

ஃபைபர் இணைப்புக்கு மாறி, இணைய நிறுவனம் கொடுத்த புதுப் பெட்டி வந்ததிலிருந்து தலைவலி. முதலில் பிஎஸ்3 வைஃபையிலேயே சேரவில்லை. ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு என்று இருந்ததை வெறும் டபிள்யூபிஏ2 ஆக்கியதும் சேர்ந்துவிட்டது. இணையச் சோதனை வெற்றி என்று வருகிறது, 192.168.1.34 என்று முகவரியும் வாங்குகிறது. ஆனால் வீடியோ பகுதியில் மீடியா சர்வரைத் தேடச் சொன்னால் எதுவும் இல்லை என்கிறது.

பையில் மினிடிஎல்என்ஏவை ரீஸ்டார்ட் செய்து, சுடச்சுடத் தேடினால் சர்வர் வருகிறது. படமும் ஓடுகிறது, பெரிய ஃபைல் என்றால் திக்கித் திக்கி ஓடுகிறது. சாயங்காலம் மறுபடி போட்டால் சர்வரைக் காணோம். பழைய ரவுட்டரில் இந்தத் தொல்லை இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேபிள்மணி:
முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம். பிஎஸ்3-இல் நெட்வொர்க் செட்டிங்ஸ் உள்ளே மீடியா சர்வர் இணைப்பு என்று ஒன்று உண்டு, அது ஆன் ஆக இருக்கிறதா? இணைத்திருப்பது வீட்டு வைஃபையா, விருந்தினர் வைஃபையா? விருந்தினர் வைஃபையில் இணையம் வரும், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகள் தெரியாது. அப்புறம் ரவுட்டரில் கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷன் என்றோ கிளையன்ட் ஐசொலேஷன் என்றோ ஒரு டிக் இருக்கும். அது விழுந்திருந்தாலும் இதே கதைதான்.

இரும்பு_இதயம்:
ப்ரோ, 2006-இல் வந்த வண்டியை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களே. ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது.

வளவுவாசி:
மணி அண்ணன், மூன்றும் பார்த்தாயிற்று. மீடியா சர்வர் இணைப்பு ஆன், வீட்டு வைஃபைதான், ஐசொலேஷன் எதுவும் இல்லை.

இரும்பு, ஸ்டிக் வாங்கலாம்தான். அப்பாவுக்கு பிஎஸ்3 ப்ளூரே ரிமோட் கைக்குப் பழகிவிட்டது. அதை மாற்றினால் தினமும் எனக்குத்தான் போன் வரும்.

கேமர்_கதிர்:
இணையச் சோதனையில் நாட் டைப் என்ன வருகிறது? 3 என்றால் அதுதான் பிரச்சினை. ரவுட்டரில் பிஎஸ்3 முகவரியை டிஎம்இசட்டில் போடுங்கள், போர்ட்டுகளையும் திறந்துவிடுங்கள்.

ஒற்றைப்பனை (யாழ்ப்பாணம்):
கதிர் தம்பி, வேண்டாம். நாட் என்பது வீட்டுக்கும் வெளி இணையத்துக்கும் இடையில் முகவரியை மாற்றுகிற வேலை. ஆன்லைனில் விளையாட அது முக்கியம். இங்கே பை, பிஎஸ்3 இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் 192.168.1 வரிசையில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேச நாட் பக்கமே போகத் தேவையில்லை. டிஎம்இசட்டில் போட்டால் பழைய கருவி ஒன்றை ஊருக்கே திறந்து வைத்ததாகும், சர்வரும் வராது.

வளவுவாசி, ஒரு சோதனை செய்யுங்கோ. மினிடிஎல்என்ஏவுக்கு ஒரு சின்ன நிலைப் பக்கம் உண்டு. பையின் முகவரி 192.168.1.20 என்றால், 192.168.1.20:8200 என்று பிஎஸ்3-இன் சொந்த பிரவுசரிலேயே அடித்துப் பாருங்கோ. சர்வர் தெரியாமல் இருக்கும் நேரத்தில் அடிக்க வேணும், அதுதான் முக்கியம்.

வளவுவாசி:
அடித்துப் பார்த்தேன். பக்கம் உடனே திறக்கிறது! எத்தனை பாட்டு, எத்தனை வீடியோ, எத்தனை படம் என்று எண்ணிக்கை வருகிறது. அதே நேரத்தில் வீடியோ பகுதிக்குப் போய்த் தேடினால் சர்வர் இல்லை என்கிறது.

ஒற்றைப்பனை:
நல்லது. இதிலேயே பாதி விளங்கிவிட்டது. வைஃபை வழி உயிரோடு இருக்கிறது. பையும் உயிரோடு இருக்கிறது, 8200-ஆம் போர்ட்டை ஃபயர்வாலும் மறிக்கவில்லை. முகவரி தெரிந்தால் பிஎஸ்3 பையிடம் போய்ப் பேசுகிறது. முகவரி தெரியாமல் "இங்கே யாராவது மீடியா சர்வர் இருக்கிறீர்களா" என்று கேட்கும்போதுதான் பதில் இல்லை.

அந்தக் கேள்வி போகிற வழி வேறு. டிஎல்என்ஏ (வீட்டுக்குள் படம், பாட்டு பகிரும் முறை) கருவிகள் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900-ஆம் போர்ட்டில் கேள்வியை அனுப்பும். இதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். சர்வர்கள் அந்த முகவரிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். கேட்டதும் கேட்டவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும். பதில் வருகிற பாதையில் பிழை இல்லை என்று நீங்கள் பிரவுசரிலேயே பார்த்துவிட்டீர்கள். அப்போ கேள்விதான் பை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

கேபிள்மணி:
சரியான பிடி. அடுத்தது நான் சொல்கிறேன். பிஎஸ்3-ஐத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போங்கள். ரவுட்டரில் நேராக ஒரு கேபிளை மாட்டி, வைஃபை இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். சர்வர் அப்போதும் மறைந்தால் வைஃபையைத் திட்டுவதை நிறுத்தலாம்.

வளவுவாசி:
சின்ன டிவி ஒன்றை முகப்பில் வைத்துச் சோதித்தேன். கேபிளில் மாட்டியதும் சர்வர் இல்லை. மினிடிஎல்என்ஏவை ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது. இன்னொரு விஷயம், கேபிளில் பெரிய ஃபைல்கூட ஒரு இடத்திலும் திக்கவில்லை. பிஎஸ்3-ஐ அணைத்துவிட்டுக் காப்பி குடித்து வந்து மறுபடி தேடினால் சர்வர் காணாமல் போயிருக்கிறது.

ஒற்றைப்பனை:
ஆக, இரண்டு வியாதி. சர்வர் மறைவது ஒன்று, படம் திக்குவது இன்னொன்று. ஒன்றுக்குச் செய்கிற மருந்து மற்றதுக்கு வேலை செய்யாது. இதைப் பிரிக்காமல்தான் ஆட்கள் நாள் கணக்காக சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முதல் வியாதிக்குப் பெயர் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். மல்டிகாஸ்ட் பொட்டலங்களை எல்லாப் பக்கமும் வீசாமல், கேட்டுக்கொண்டவருக்கு மட்டும் அனுப்ப ரவுட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வைத்திருக்கிற நோட்டு மாதிரி. மினிடிஎல்என்ஏ தொடங்கும்போது "239.255.255.250-க்கு வருவதை எனக்குக் கொடு" என்று பெயர் பதிந்துகொள்ளும். பதிந்த பெயர் வழக்கமாக 260 விநாடிதான் செல்லும். அதற்குள் யாராவது "இன்னும் இருக்கிறீர்களா" என்று கேட்டால் பை மறுபடி கை தூக்கும், பெயர் புதுப்பிக்கப்படும். அப்படிக் கேட்கிறவருக்கு க்வெரியர் என்று பெயர். 125 விநாடிக்கு ஒரு தரம் கேட்பது வழக்கம்.

சில ரவுட்டர்களில் ஸ்னூப்பிங்கை ஆன் செய்து வைத்திருப்பார்கள், வீட்டுக்குள் கேட்கிற க்வெரியர் மட்டும் இருக்காது. நாலு நிமிடம் சொச்சத்தில் பையின் பெயர் நோட்டிலிருந்து அடிபடும். அப்புறம் பிஎஸ்3 எவ்வளவு கூவினாலும் பைக்குக் கேட்காது. மினிடிஎல்என்ஏவை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி பெயர் பதியும், மறுபடி நாலு நிமிடம். நீங்கள் சொன்ன அடையாளம் அச்சாக அதுதான்.

வளவுவாசி:
ஆனால் ஒருமுறை சர்வர் வந்துவிட்டால் அரைமணி நேரம்கூடத் தெரிகிறதே? நாலு நிமிடத்தில் போகவில்லை.

ஒற்றைப்பனை:
அதுவும் கணக்கில் வருகிறது. சர்வர் தன்னை அறிவிக்கும்போது "இந்த அறிவிப்பு இவ்வளவு நேரம் செல்லும்" என்று ஒரு ஆயுளும் சேர்த்துச் சொல்லும். 1800 விநாடி என்பது பரவலான அளவு. அது தீரும்வரை பிஎஸ்3 தன் பட்டியலில் சர்வரை வைத்திருக்கும். அணைத்துப் போட்டால் பட்டியல் காலி, புதிதாகக் கேட்க வேண்டி வரும். மினிடிஎல்என்ஏ தன் இருப்பை ஏறத்தாழ கால்மணிக்கு ஒருதரம், 895 விநாடி இடைவெளியில் அறிவிக்கும். அந்த அறிவிப்பும் மல்டிகாஸ்ட்தான். பிஎஸ்3-இன் பெயரும் நோட்டிலிருந்து அடிபட்டிருந்தால் அதுவும் வந்து சேராது.

இரும்பு_இதயம்:
இதற்காகத்தான் ஸ்டிக் என்றேன். ஆனால் விளக்கம் அருமை, ஒத்துக்கொள்கிறேன்.

கேபிள்மணி:
ஸ்டிக்கிலும் டிஎல்என்ஏ வைத்துத் தேடினால் இதே குழிதான் இரும்பு. முகவரியைக் கையால் அடிக்கிற ஆப் இருந்தால் தப்பிக்கலாம். பிஎஸ்3-இல் அந்த வசதி கிடையாது, தேடினால்தான் உண்டு.

வளவுவாசி, ரவுட்டர் பக்கத்தில் லேன் பகுதியிலோ மல்டிகாஸ்ட் பகுதியிலோ ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இருக்கும், அணைத்துப் பாருங்கள். வைஃபை பகுதியில் தனியாக இன்னொன்று ஒளிந்திருக்கலாம். இணைய இணைப்பு வழியாக டிவி காட்டும் அதே நிறுவனத்தின் ஐபிடிவி பெட்டி வீட்டில் இருந்தால் அணைத்தபின் அது ஒழுங்காக ஓடுகிறதா என்றும் பாருங்கள். சில ஐபிடிவி சேவைகள் மல்டிகாஸ்ட்டை நம்பி இருக்கும்.

வளவுவாசி:
நாங்கள் பயன்படுத்தும் லாகினில் அந்தப் பக்கமே இல்லை. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சேனல், பாதுகாப்பு, இவ்வளவுதான் மாற்ற முடிகிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "சார், ஸ்பீடு வருகிறதா?" என்றார்கள். வருகிறது என்றேன். "அப்போ லைன் நன்றாக இருக்கிறது சார்" என்று முடித்துவிட்டார்கள்.

கேபிள்மணி:
அந்தப் பதிலை எதிர்பார்த்தேன். போகட்டும், அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய ரவுட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா அதில்?

வளவுவாசி:
இருக்கிறது, இரண்டு பேண்டும் உண்டு. அந்த யோசனைக்கு முன்னால் திக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கேபிள் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது. ஆத்தங்குடித் தரை, தேக்குத் தூண். ஆணி என்ற வார்த்தையையே எடுக்க முடியாது.

கேபிள்மணி:
திக்குவதற்குக் காரணம் பிஎஸ்3-இன் வைஃபை. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், அதிலும் பி, ஜி என்ற பழைய தரங்கள் மட்டும். கடைசியாக வந்த சூப்பர் ஸ்லிம்கூட அப்படித்தான். காகிதத்தில் 54 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), கைக்கு வருவது நல்ல நிலையில் 20 முதல் 25. சுவர் குறுக்கிட்டால் இன்னும் இறங்கும். உங்கள் வீட்டுச் சுவரை நினைத்தால் 10 வந்தாலே பெரிது.

ஃபைல் எவ்வளவு கேட்கிறது என்று கணக்குப் போடலாம். ஜிபி அளவை 8000-ஆல் பெருக்கி, படத்தின் நீளத்தை விநாடியாக்கி வகுங்கள். இரண்டரை மணி நேரப் படம் 8 ஜிபி என்றால் 64,000-ஐ 9,000-ஆல் வகுக்க 7 எம்பிபிஎஸ் சொச்சம். அது தப்பிக்கும். 2 மணி 20 நிமிடப் படம் 25 ஜிபி என்றால் சராசரியே 24-ஐ ஒட்டி வரும், சண்டைக்காட்சியில் அதற்கும் மேல் எகிறும். ஜி வைஃபையில் அது நடக்காது.

வளவுவாசி:
ஆமாம், திக்குகிறதெல்லாம் 20 ஜிபிக்கு மேல் உள்ளவைதான். ஆனால் சில நாள் 8 ஜிபி படமும் திக்குகிறது.

நடுநிசி_ரசிகன்:
உள்ளே நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த ஹார்ட்டிஸ்க் யுஎஸ்பி 3-ஆ? ரவுட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

வளவுவாசி:
யுஎஸ்பி 3. மர அலமாரியில் ஒரே தட்டு. ரவுட்டர் படுத்திருக்கிறது, அதன் தலையில் பை, பையை ஒட்டி ஹார்ட்டிஸ்க்.

நடுநிசி_ரசிகன்:
அங்கேதான் இருக்கிறது. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கிளம்பும். இன்டெலே 2012-இல் இதைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. ஹார்ட்டிஸ்க் சும்மா இருக்கும்போது தெரியாது. படம் ஓட ஆரம்பித்ததும் டிஸ்க் வேலை செய்யும், அதே நொடியில் ரவுட்டரின் காது மந்தமாகும். உங்கள் பிஎஸ்3 எங்கோ இரண்டாங்கட்டிலிருந்து மெல்லிசாக அனுப்புகிற சிக்னல் இதில் அமுங்கிவிடும். டிஸ்க்கைக் கை நீளத்துக்காவது தள்ளி வையுங்கள். உறை நன்றாக உள்ள, குட்டையான யுஎஸ்பி வயராகவும் போடுங்கள்.

ரவுட்டரில் 2.4-க்கு சேனல் ஆட்டோ என்று விடாமல் 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீட்டு நெரிசல் குறைந்ததை எடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் பிஎஸ்3-க்கு ஒரு பயனும் இல்லை, நெரிசல்தான் கூடும்.

வளவுவாசி:
டிஸ்க்கைக் கீழ்த் தட்டுக்கு இறக்கினேன், சேனலை 11-க்கு மாற்றினேன். 8 ஜிபி படம் இப்போது முழுக்க ஓடுகிறது. நடுநிசி, நன்றி. பெரிய ஃபைல் திக்கத்தான் செய்கிறது. சர்வர் மறைவதும் அப்படியே.

பாலைப்பூ:
பவர்லைன் அடாப்டர் யாரும் சொல்லவில்லையே? கரண்டு வயர் வழியாகவே நெட்வொர்க் போகும், ஆணி அடிக்க வேண்டாம்.

கேபிள்மணி:
சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது பாலைப்பூ. நம் பக்கம் பெரிய வீடுகளில் மூன்று ஃபேஸ் வரும். முகப்பு ஒரு ஃபேஸ், இரண்டாங்கட்டு வேறு ஃபேஸ் என்றால் சிக்னல் தேய்ந்துவிடும். நடுவில் இன்வெர்ட்டர் லைன் பிரிந்திருந்தால் இன்னும் மோசம். ஸ்பைக் பஸ்டரில் மாட்டினாலும் அது சிக்னலை விழுங்கும், சுவர் பிளக்கில்தான் நேராக மாட்ட வேண்டும். கடன் வாங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் சரி.

என் யோசனை வேறு. வளவுவாசி, இத்தனை நாளும் படத்தை ஏன் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குக் காற்றில் அனுப்புகிறீர்கள்? படம் பார்க்க இணையம் வேண்டாமே. பையை டிவி பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய ரவுட்டரையும் அங்கேயே வையுங்கள். பை, பிஎஸ்3 இரண்டையும் அதன் லேன் ஓட்டைகளில் முழ நீளக் கேபிளால் மாட்டுங்கள். பழைய ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் பிரிட்ஜ் முறையில் வைத்தால் அது முகப்பு ரவுட்டரிடம் வைஃபையாகப் பேசிக்கொள்ளும். படம் காற்றிலேயே ஏறாது, இணையம் மட்டும்தான் முற்றத்தைத் தாண்டி வரும்.

5 கிகாஹெர்ட்ஸ் உங்கள் சுவரைத் துளைக்காது. ஆனால் முற்றம் திறந்த வெளிதானே? முகப்பு ஜன்னலும் இரண்டாங்கட்டு வாசலும் நேர்கோட்டில் வருகிற மாதிரி வைத்தால் போதும்.

ஒற்றைப்பனை:
மணி சொன்னதுதான் சரியான வழி. பைக்கும் பிஎஸ்3-க்கும் இடையில் அந்தப் புதுப் பெட்டியே வராது, அதன் ஸ்னூப்பிங் என்ன செய்தாலும் உங்களுக்கென்ன. ஒன்று மட்டும் கவனியுங்கோ. பழைய ரவுட்டர்களில் பிரிட்ஜ், ரிப்பீட்டர், டபிள்யூஐஎஸ்பி என்று பல முறைகள் இருக்கும். டபிள்யூஐஎஸ்பி எடுத்தால் அது தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கி 192.168.0 மாதிரி வேறு வரிசை கொடுக்கும். பிஎஸ்3-க்கு அப்பவும் பை தெரியும். ஆனால் முகப்பு வைஃபையில் இருக்கிற உங்கள் போனுக்கும் லேப்டாப்புக்கும் தெரியாது. பிரிட்ஜ் அல்லது கிளையன்ட் முறையை எடுத்து, பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கோ. அந்த ரவுட்டரிலும் ஸ்னூப்பிங் இருக்கிறதா என்று பார்த்து அதையும் அணையுங்கோ.

வளவுவாசி:
இன்று காலை உட்கார்ந்து முடித்தேன். பழைய ரவுட்டரில் பிரிட்ஜ் இருந்தது, டிஎச்சிபி ஆஃப், ஸ்னூப்பிங் ஆஃப். பிஎஸ்3-இல் நெட்வொர்க்கை வயர் இணைப்பு என்று மாற்றினேன். போட்டதும் சர்வர் வந்தது. மதியம் அணைத்துவிட்டு இப்போது போட்டேன், ரீஸ்டார்ட் இல்லாமலே இருக்கிறது. 25 ஜிபி படத்தில் நடுவில் தாவிப் பார்த்தேன், தாவிய இடத்தில் உடனே ஓடுகிறது.

ஒரே குறை, லேப்டாப்பிலிருந்து புதுப் படத்தைப் பைக்கு அனுப்புவது முன்னைவிட மெதுவாகிவிட்டது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

இன்னொரு கேள்வி. சில எம்கேவி ஃபைல்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. இதுவும் நெட்வொர்க்கா?

நடுநிசி_ரசிகன்:
இல்லை. பிஎஸ்3-க்கு எம்கேவி என்ற ஃபைல் உறை தெரியாது, மினிடிஎல்என்ஏ ஃபைலை உள்ளது உள்ளபடியே கொடுக்கும், மாற்றித் தராது. உள்ளே இருக்கும் வீடியோவின் சுருக்க முறை எச்.264 என்றால் எம்பி4 அல்லது எம்2டிஎஸ் உறைக்கு மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவைத் தொடாமல் காப்பி செய்யச் சொன்னால் தரம் குறையாது, பையிலேயே சீக்கிரம் முடியும். ஒலி டிடிஎஸ் வடிவில் இருந்தால் அதை மட்டும் ஏசி3 வடிவாக்கி எம்2டிஎஸ்ஸில் போடுங்கள். எச்.265 என்றால் முழுக்க மறு என்கோடிங் செய்ய வேண்டும், பையில் அதைச் செய்யாதீர்கள், லேப்டாப்பில் ஓடட்டும். யூனிவர்சல் மீடியா சர்வர் என்ற மென்பொருள் ஓடும்போதே மாற்றித் தரும், ஆனால் பை 4-க்கு 1080பி மாற்றம் கனமான வேலை.

புதுவரவு_22:
எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் பிஎஸ்5 இருக்கிறது, அதில் மீடியா சர்வரைத் தேடும் இடமே இல்லையே?

கேபிள்மணி:
பிஎஸ்5-இல் டிஎல்என்ஏ கிடையாது. பிஎஸ்4-க்கு 2015-இல் மீடியா பிளேயர் என்று தனி ஆப் வந்தது, அதில் உண்டு. பிஎஸ்5-க்கு ப்ளெக்ஸ் ஆப் இருக்கிறது. வீட்டுக் கணினியிலோ பையிலோ ப்ளெக்ஸ் சர்வர் போட்டு அதன் வழியாகப் பார்க்கலாம். உங்களுக்கு ஜி வைஃபைத் தொல்லை இல்லை, பிஎஸ்5-இல் வைஃபை 6 வரை உண்டு. சர்வர் எந்தக் கருவியில் ஓடுகிறது, ரவுட்டர் என்ன மாடல் என்று எழுதி ஒரு புது இழை திறங்கள், அங்கே பார்ப்போம்.